வாலு பிடித்த தடம்

அந்த நாய்க்கு வால் பாதிதான் இருந்தது. குட்டியாக இருந்தபோது ஏதோ ஒரு கதவிடுக்கில் மாட்டி நசுங்கிப் போனதாம். இருந்தாலும் அவள் அதற்கு வாலு என்றே பெயர் வைத்தாள். "இல்லாத வாலுக்குப் பேரு ஒரு கேடு" என்றார் கணவர். அந்த நாயைப் பற்றி அவர் சிரித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு அவருக்கு அது வெறும் நாய். வழியில் படுத்திருந்தால் காலால் தள்ளிவிட்டுத் தாண்டிப் போவார்.

நாய் வளர்க்கும் ஆசையில் அவள் அதைக் கொண்டுவரவில்லை. தம்பிக்காகக் கொண்டுவந்தாள்.

தம்பி ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவள்தான் ஃபோன் பண்ணி, "தொட்டி நிரம்பி வழியுதுடா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றாள். வேலை முடிந்த கையோடு வந்தான். உட்காரக்கூட இல்லாமல் மாடிக்கு ஏறினான். கைப்பிடிச் சுவரில் ஒரு காலும் தொட்டி விளிம்பில் ஒரு காலுமாக நின்றவன் வழுக்கிக் கீழே விழுந்தான். பத்தொன்பது நாள் நினைவு இல்லை. பிழைத்து எழுந்தபோது அக்காவைத் தெரிந்தது, சாப்பிடத் தெரிந்தது, சட்டைக்குப் பொத்தான் போடத் தெரிந்தது. எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்பது மட்டும் திரும்பி வரவே இல்லை.

சும்மா உட்கார்ந்திருப்பான். திடீரென்று எழுந்து, "வேலை இருக்குக்கா" என்பான். கதவு திறந்திருந்தால் போயே போய்விடுவான். சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. வேலைக்குப் போகிறவன் போல நிதானமாக நடப்பான். நாலு தடவை அப்படிக் காணாமல் போனான். நாலாவது தடவை ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நாற்பது அடி முன்னால் வந்து ரயில் நின்றது. கூட்டி வரப் போனவர் கணவர்தான். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்ற வண்டி போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் அவர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம். ஒன்றாம் தேதி அங்கே ஒரு படுக்கை காலியாகிறது. காப்பாளர் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"கட்டில்ல கட்டிப் போடுவாங்களாம். எங்க ஆஸ்பத்திரி வார்டுல வேலை செய்யற பொண்ணு சொன்னா."

"தண்டவாளத்துல கெடக்கறதுக்குக் கட்டில்ல கெடக்கட்டும். அடுத்த தடவை ரயில் நிக்காது."

"அஞ்சு வாரம் இருக்கு இல்ல? அது வரைக்கும் குடுங்க. நான் ஒண்ணு பண்ணிப் பாக்கறேன்."

"என்ன பண்ணுவே?"

சொன்னால் சிரிப்பார். மறுநாள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் விரிப்புகளை வெளுத்துப் பிழிந்து போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, கேப்டனைப் பார்க்கப் போனாள்.

கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் அவள் முப்பது வயதுப் பெண். ராணுவத்தில் எல்லாம் இருந்ததில்லை. மீட்புப் படையில் நாய்களோடு வேலை பார்த்தவள். இடிந்த கட்டடம் ஒன்றில் முழங்கால் போனபிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, வெளியூர் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் கூடம் ஒன்றை நடத்தினாள். நாலு வார்த்தையில் முடிவதை மூன்று வார்த்தையில் முடிக்கிற ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆறு மாசம் ஆகும்" என்றாள்.

"எனக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு."

"அப்ப முடியாதுக்கா."

அவள் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கேப்டன் கூண்டுகளைக் கழுவினாள், தட்டுகளைக் கழுவினாள், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரோ விட்டுவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளாத பத்து மாதக் குட்டி ஒன்றை அவிழ்த்து அவளிடம் கொடுத்தாள். "மூக்கு நல்லா இருக்கு. புத்திதான் நாலு பக்கமும் ஓடுது. எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாங்க."

நாலு ஞாயிறு போனாள். கேப்டன் சொல்லிக் கொடுத்தது கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஒரு ஆள் புல்தரையில் நேராக இருபது அடி நடக்க வேண்டும். ஒவ்வொரு காலடியிலும் வேகவைத்த ஈரல் துணுக்கு ஒன்றைப் போட வேண்டும். நாய்க்கு மார்புப் பட்டை மாட்டி, நீளக் கயிற்றில் பிடித்து, அந்த ஆளின் துணியை மோந்து பார்க்க வைத்து, "தேடு" என்று விட வேண்டும். நாய் ஈரலைத் தின்றுகொண்டே காலடி வாசனையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மெல்ல மெல்ல ஈரலைக் குறைத்து, தூரத்தைக் கூட்டி, ஒரு வளைவு, இரண்டு வளைவு என்று போக வேண்டும். "காலையில பண்ணுங்க. ஈரத்துல வாசனை தங்கும். வெயில் ஏறித் தார் ரோடு சுட ஆரம்பிச்சா, எல்லாம் போச்சு."

வேலைக்குப் போகுமுன் தினமும் விடிந்ததும் விடியாததுமாகத் தம்பியையும் வாலுவையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காலி மைதானத்துக்குப் போனாள். வாலு முதல் வாரம் முழுக்க ஈரலைத் தின்றுவிட்டு அவள் கையை நக்கியது. இரண்டாம் வாரம் ஒரு காக்காயைத் துரத்திக்கொண்டு அவளையும் சேர்த்து முள்புதருக்குள் இழுத்துப் போனது. கால் முழுக்கக் கீறல். சலவைக்கூடத்தில் சோடா கலந்த தண்ணீர் பட்டபோது உயிர் போயிற்று. ஒரு நாள் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து அந்தக் குட்டியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "எனக்கு வேற யாரும் இல்லடி, கொஞ்சம் கத்துக்கோடி" என்று கெஞ்சினாள். வாலு பாதி வாலை ஆட்டியது. தம்பி சற்றுத் தள்ளி நின்று, "வேலை இருக்குக்கா" என்றான்.

மூன்றாம் வாரம் என்னவோ திறந்துகொண்டது. மூக்கைத் தரையில் வைத்தால் எடுக்காமல் வாலு போக ஆரம்பித்தது. இருநூறு அடி, வளைவோடு முந்நூறு அடி, சற்று நேரம் காயவிட்ட தடத்தில் நானூறு அடி. தம்பியைக் கண்ணில் படும்படி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அவள் திரும்பி வந்து அரை மணி நேரம் கழித்து விட்டால்கூட நேராகப் போய் அவன் மடியில் ஏறியது. அவள் கேப்டனுக்கு ஃபோன் பண்ணி அழுதாள். கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதிக்கு முதல் நாள் அவரையே மைதானத்துக்குக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தாள்.

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் கணவர் இன்னும் படுத்திருந்தார். ஆறே முக்காலுக்கு அவள் வாசல் பூட்டைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தாள். அடுப்பில் பாலை வைத்தாள். பிறகு குளிக்கப் போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான், பூட்டைத் திரும்பப் போட்டோமா என்று திக்கென்றது. ஈரத் தலையோடு ஓடி வந்தாள். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தம்பியின் படுக்கை காலி. வாசற்படியில் அவனுடைய ஒரு செருப்பு மட்டும் இருந்தது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போயிருந்தான்.

"ஏங்க! அவனைக் காணோம்!"

கணவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையைத் தேடினார். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போனார். அவள் வாலுவுக்குப் பட்டையை மாட்டினாள். தம்பியின் தலையணை உறையை எடுத்து மூக்கருகே காட்டி, "தேடு" என்றாள்.

வாலு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பிக் கயிறு முறுக்கேற இழுத்தது. தெருமுனை, மாவு மில், மருந்துக் கடை. எங்கேயும் நிற்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கினாலும் உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. கண்டுபிடித்துவிடும். இன்னும் கொஞ்ச தூரம்தான். பெரிய சாலையைத் தாண்டியது. பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு போனது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு இரும்புக் கதவின் முன்னால் போய், பாதி வாலை ஆட்டிக்கொண்டு, கெட்டிக்காரத்தனமாக உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்தது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் பின்கதவு அது. நேற்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வெளியே வந்த கதவு. அங்கிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸுக்குக் காத்திராமல் அவள் நடந்தே வந்திருந்தாள்.

காவலாளி எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்கு நாய்க்கும் ஷிப்டா?" என்றார். அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். வாலு அவள் கையை நக்கியது. அவளுக்கு அதை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கையை ஓங்கியும்விட்டாள். பிறகு அந்தக் கையாலேயே கேப்டனுக்கு ஃபோன் பண்ணினாள்.

கேப்டன் வேறு ஊரில் இருந்தாள். நடந்ததை இடைமறிக்காமல் கேட்டாள்.

"மைதானத்துல தடம் போட்டது யாரு?"

"தம்பிதான்."

"தனியாவா?"

"தனியா எப்படி விடுவேன்? கையைப் பிடிச்சுக்கிட்டு நானும்தான் நடந்தேன். ஈரல் போடணும் இல்ல?"

"அக்கா, அது இத்தனை நாளும் உங்களைத்தான் தேடியிருக்கு. உங்க கைல ப்ளீச்சிங் பவுடர் வாசனை. உங்களைவிடச் சுலபமான தடம் அதுக்கு இந்த ஊர்லயே கிடையாது. தலையணை உறையைத் துவைச்சது யாரு? நீங்கதானே? நான் ஒரு தடவையாவது நேர்ல வந்து பாத்திருக்கணும். என் தப்பு."

"இப்ப என்ன பண்ணட்டும்? சொல்லுங்க, இப்ப என்ன பண்ணட்டும்?"

"நாய்க்குத் தடம் பிடிக்கத் தெரியுது. ஆளைத்தான் மாத்திச் சொல்லிக் குடுத்திருக்கோம். உங்க தம்பி வாசனையும் அதுக்குத் தெரியும், ஒரே வீட்டுலதானே தூங்குது. நீங்க கை வைக்காத சாமான் ஏதாவது இருக்கா?"

அந்த வீட்டில் அவள் கை வைக்காத பொருள் எது? யோசித்துப் பார்த்தபோது அழுகை வந்தது. அப்புறம் வாசற்படி நினைவுக்கு வந்தது. "செருப்பு இருக்கு."

"அதைத் தொடாதீங்க. கவர்ல சுத்தி எடுக்கச் சொல்லுங்க. கயிறை வேற ஆளு பிடிக்கணும். நீங்க கூடப் போகக் கூடாது. நீங்க கண்ணுல பட்டாலும் சரி, குரல் கேட்டாலும் சரி, அது உங்ககிட்டத்தான் வரும். மணி என்ன?"

"எட்டே கால்."

"ஒன்பதரைக்கு மேல வாசனை எதுவும் நிக்காது. ஓடுங்க."

வாலுவோடு ஆட்டோ பிடித்து அவள் வீடு வந்தபோது, கணவர் ரயில் பாதை முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவள் சொல்வதைக் கேட்டு, "நானா? அது என்னைக் கண்டாலே ஒதுங்கும்" என்றார். அவள் கயிற்றை அவர் கையில் திணித்தாள். "உங்களைத் தவிர யாரு இருக்கா?" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அவள் ஃபோனை அழைப்பில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். அவருடைய ஃபோன் சட்டைப் பையில் இருந்தது. அவர் பேசுவது இவளுக்குக் கேட்கும். இவள் மூச்சுக்கூடப் பெரிதாக விடக் கூடாது. துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள்.

"மோந்து பாரு. இந்தா. தேடு... தேடு நாயே." அவர் குரல் கதவுக்கு வெளியிலும் ஃபோனிலுமாக இரண்டு தடவை கேட்டது. நகங்கள் தரையில் கிறீச்சிட்டன. கேட்டுக்குப் போன சத்தம். உடனே திரும்பி வந்த சத்தம். வாலு குளியலறைக் கதவைப் பிறாண்டி முனகியது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அது, நடுவே ஒரு தகரக் கதவு. போடி, போ என்று மனதுக்குள் கத்தினாள். அது மறுபடியும் போனது. மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை கணவர் அதட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது. குரல் தாழ்ந்து கேட்டது.

"வாலு. இங்க வாம்மா. இது அவன் செருப்பு. அவன் இல்லாம நான் இந்த வீட்டுக்குள்ள வர முடியாது. தெரியுதா? வா."

அவர் அந்த நாயைப் பெயர் சொல்லி அழைத்து அவள் கேட்டதே இல்லை. நகங்களின் சத்தம் நகர்ந்தது. கேட் கிறீச்சிட்டது. இந்த முறை திரும்பி வரவில்லை.

அப்புறம் ஃபோன் மட்டும்தான். காற்று, வண்டிகள், அவருடைய செருப்புச் சத்தம். "எடது பக்கம் திரும்பிடுச்சு... தண்ணி டேங்க் தாண்டிட்டோம்... இங்க நின்னு சுத்துது, என்னன்னு தெரியல... சரி, போகுது." அவள் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டாள். மணி ஒன்பது ஆனது. சின்ன ஜன்னல் வழியாக வெயில் எதிர்ச் சுவரில் அங்குலம் அங்குலமாக இறங்கியது.

"கேக்குதா?" என்றார் அவர் திடீரென்று. மூச்சு இரைத்தது. "நீ பேசாதே. பேசக் கூடாதுன்னு சொன்னியே. நான் சொல்றதைக் கேளு. இப்ப சொல்லலைன்னா அப்புறம் சொல்ல மாட்டேன்."

அவள் துண்டை இன்னும் அழுத்தினாள்.

"காலைல நான் முழிச்சுத்தான் இருந்தேன். அவன் வெளியில போறதை ஜன்னல்ல பாத்தேன். நீ வாசல்ல இருப்பேன்னு நெனச்சேன்னு சொல்லலாம். பொய். நீ குளிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுது." ஒரு லாரி கடந்து போனது. "போகட்டும்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். போகட்டும், எல்லாருக்கும் ஒரு வழி பொறக்கட்டும்னு. அப்படியே திரும்பிப் படுத்துட்டேன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால் நாய் நிற்கும். நாய் நின்றால் தம்பி போய்விடுவான். துண்டைப் பல்லால் கடித்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது. அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டே நடந்தார். "தேடும்மா... தேடு... மாப்ளே! டேய் மாப்ளே!" என்று வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

ஒன்பதே முக்கால். "தார் ரோடு வந்துடுச்சு. விட்டுடுச்சு. சும்மா நிக்குது." குரல் உடைந்தது. "நாக்கு தொங்குது அதுக்கு. என்ன பண்றதுன்னே தெரியல எனக்கு." நீண்ட நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அவள் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று முட்டினாள். பிறகு ஃபோனில் ஏதோ உரசியது. "இரு, இரு. ஓரத்து மண்ணுல மூக்கை வெச்சுட்டுது. இழுக்குது. பாலம் கட்டற எடத்துக்கு இழுக்குது. ஏய், மெதுவா... அய்யோ."

ஓடும் சத்தம். கல் சரியும் சத்தம். வாலு குரைத்தது. விடாமல் குரைத்தது.

"என்னங்க?" என்று அவளை மீறி வாயில் வந்துவிட்டது. "என்னங்க! சொல்லுங்க!"

"குழிக்குள்ள கெடக்கான். தூணுக்கு வெட்டின குழி. தண்ணி இருக்கு. முகம் வெளியிலதான் இருக்கு. மாப்ளே! டேய்! இங்க பாருடா!" நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. "கண்ணைத் தொறக்கறான். இருக்கான். உசுரோட இருக்கான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. நெஞ்சுக்குள் குழித் தண்ணீர் இறங்கியிருந்தது. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். அறுவை அறைக்கு வெளியே நீளப் பெஞ்சில் இருவரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விரிப்பு வண்டிகள் கடந்து போயின. சாயங்காலம் ஆகும்வரை இருவரும் நகரவில்லை. அவருடைய கால்சட்டையில் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து கிடந்தது. உள்ளங்கையில் கயிறு அறுத்த தடிப்பு இரண்டு வரியாக வீங்கியிருந்தது.

டாக்டர் வெளியே வந்து, கம்பி வைத்திருப்பதாகவும் இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவருக்குப் புரிந்தது. "அவன் கேட்டைத் தாண்டற வரைக்கும். வெளியில போயிட்டு, திரும்பி நின்னு, கொக்கியைப் போட்டுட்டுத்தான் போனான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அதை எடுத்தாள். "அன்னைக்குத் தண்டவாளத்துல கெடந்தான்னு ஃபோன் வந்துதே. ரயில் நின்னுடுச்சுன்னு சொன்னாங்க இல்ல? அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?"

"வேணாம். சொல்லாதே."

"நின்னுடுச்சான்னு தோணுச்சு. ஒரு செகண்டு. நிக்கணுமான்னு."

அவர் பெஞ்சில் நகர்ந்து அவள் பக்கம் வந்தார். தொடவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தது. அவளும் நகர்ந்துகொள்ளவில்லை.

தம்பி பிழைத்தான். நாற்பது நாள் படுக்கையில் கிடந்தான். ஒன்றாம் தேதி இல்லத்திலிருந்து ஃபோன் வந்தபோது எடுத்தவர் கணவர். "இப்ப வேணாம்" என்றார். எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. படிவம் அலமாரியில் அப்படியே கிடக்கிறது. அதை அவள் கிழித்துப் போடவும் இல்லை. கால் தேறினால் அவன் மறுபடியும் எழுந்து போவான் என்று இருவருக்கும் தெரியும். அவள் சில நாள், எலும்பு மெதுவாகவே கூடட்டும் என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக விக்கி விக்கி அழுதாள். கணவரோடு பேசினாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் காலையில் குளிக்கப் போகும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மூன்றாம் மாதம் தம்பி வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தான். கேப்டன் முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி நேரிலேயே வந்தாள். முன்னால் தம்பியை விட்டு, பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் கணவரை நடக்கச் சொன்னாள். அவர் வாசனை தடத்தில் ஒட்டாமல் இருக்க, ஈரலை ஒரு நீளக் குச்சியால் தள்ளிப் போட வைத்தாள். அக்கா மட்டும் மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அவள் சமையலறையில் நின்று பாலைக் காய்ச்சினாள். தூரத்தில் மைதானத்திலிருந்து கணவரின் குரல் வந்தது. "அங்க இல்ல, அங்க இல்ல. மூக்கைக் கீழ வை." கொஞ்ச நேரம் அமைதி. "இன்னொரு தடவை. முதல்லேருந்து." அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்து நின்றாள்.